ஐந்து பாகை என்று எழுதிய நாட்கள்

ஓகஸ்ட் 6, புதன்

இன்றும் விடத்தல்தீவைத் தாண்டுமுன் ஐஸ் கரைந்துவிட்டது. இலுப்பைக்கடவையில் பெட்டியைத் திறந்தபோது விந்துக் குழாய்கள் சுற்றியிருந்த துணியோடு தண்ணீரில் மிதந்தன. வசந்தமலர் அக்கா குழாய்களைத் துடைத்து எடுத்தார். ஊசியில் இழுத்து, பேட்டுக் கோழிகளின் வயிற்றை மெல்ல அழுத்தி, ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு முடித்தார். நூற்றிருபது பேடுகள். அவருடைய கைக்குள் அவை கத்துவதில்லை. வேறு யாராவது பிடித்தால் கொட்டில் முழுவதும் இறகு பறக்கும்.

சேவல்கள் இங்கே தாழ்வுபாட்டில், பேடுகள் அங்கே. போன வருட வெள்ளத்தில் ஒரே கொட்டிலில் இருந்த அத்தனையும் செத்த பிறகு, குடும்பங்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்கும் எங்கள் சங்கம் எடுத்த முடிவு அது. பிழையென்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தைந்து கிலோமீற்றர் வெயில் கிடக்கிறது. கிழமைக்கொருமுறை அதற்குள்ளால் விந்தை உயிரோடு கொண்டுபோவது என் வேலை. இந்தச் சூட்டில் வெளியே விட்டால் அரை மணித்தியாலத்தில் களைத்துப்போகும். கரைசலில் கலந்து, குழாயில் கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டு, ஐந்து பாகைக் குளிரில் வைத்தால் பல மணித்தியாலம் தாங்கும். ஐந்து. பூச்சியமும் அல்ல, பதினைந்தும் அல்ல.

பெட்டிக்குள் வைக்கும் வெப்பமானியின் பற்றறி யூலையிலேயே செத்துவிட்டது. அந்த அளவு மன்னாரில் கிடைக்கவில்லை. பதிவேட்டில் வழமைபோல் 5 என்று எழுதினேன்.

சாப்பிடும்போது அப்பாவிடம் புலம்பினேன். "ஐஸ் நிக்குதேயில்லை அப்பா. பாதி வழியிலை தண்ணி." முள்ளை எடுத்தபடி, "பாப்பம்" என்றார்.


ஓகஸ்ட் 13, புதன்

முழங்கால் விட்டுப்போனதிலிருந்து அப்பா கடலுக்குப் போவதில்லை. ஆனால் முப்பது வருடம் மீனுக்கு ஐஸ் பெட்டி கட்டிய கை. இனிப் பெட்டியைத் தானே கட்டுவதாகச் சொல்லிவிட்டார். நான் சேவல்களிடம் எடுத்து, கொட்டில் அறையிலுள்ள நுணுக்குக்காட்டியில் பார்த்து, குழாய்களை வீட்டில் கொடுத்துவிட்டுக் குளித்துச் சாப்பிட்டு வெளியே வந்தால், வெள்ளை நுரை றெஜிபோம் பெட்டி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கட்டியாயிற்று. "திறந்து திறந்து பாக்காதை. நேரை போ."

இலுப்பைக்கடவையில் திறந்தேன். ஐஸ் அப்படியே கல்லாக. விரல் வைத்தால் கடிக்கிறது. எனக்கு அவ்வளவு சந்தோசம்.

வசந்தமலர் அக்கா குழாயைச் சாய்த்துப் பார்த்தார். "இண்டைக்குத் தடிப்பாய்க் கிடக்குது பிள்ளை."

"குளிருக்கு அப்பிடித்தான் அக்கா. கைக்குள்ளை கொஞ்சம் பிடியுங்கோ, இளகும்."

பிடித்தார். இளகியது. 5.


ஓகஸ்ட் 15, வெள்ளி

மடுத் திருநாள். புழுதி, சனம், மெழுகு மணம். ஆச்சரியமாக, மெழுகுதிரி ஏற்றும் இடத்தில் சைவக்காரரான வசந்தமலர் அக்காவும் மகள் அபிசாவும். "மடு மாதா எல்லாருக்கும் பொதுதானே" என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

என்ன நேர்ந்தீர்கள் என்று கேட்டேன். அபிசாவின் ஓ.எல். சோதனை முடியுமட்டும் தான் வீட்டில் நிற்கவேண்டும் என்று நேர்ந்தாராம். அபிசா சின்னப்பிள்ளையாக இருந்தபோது குவைத்துக்கு வேலைக்குப் போய் மூன்று வருடம் கழித்து வந்தவர். கணவன் அதற்குள் வேறு குடும்பத்தோடு போய்விட்டான். "வந்து இறங்கேக்கை இவள் என்னைப் பாத்து 'அன்ரி' எண்டவள் பிள்ளை." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கொட்டில் வேலை கிடைத்தபிறகே கடவுச்சீட்டை உடுப்புப் பெட்டியின் அடியில் போட்டாராம்.

அபிசா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இந்தக் கதையைப் பலமுறை கேட்டிருப்பாள் போல.


ஓகஸ்ட் 28, வியாழன்

இன்குபேட்டரில் ஏழு நாள் இருந்த முட்டைகளை வெளிச்சத்தில் பார்த்தேன். கரு பிடித்தது நூறில் எழுபத்துநான்கு. வழமையில் எண்பத்தைந்துக்குக் குறைவதில்லை. சூடுதான்.


செப்ரெம்பர் 4, வியாழன்

ஐம்பத்திரண்டு.

இருமுறை பார்த்தேன். ஐம்பத்திரண்டுதான்.


செப்ரெம்பர் 11, வியாழன்

இருபத்துமூன்று.

யன்னலைச் சாக்கால் மறைத்துவிட்டு, ரோச்சின்மேல் முட்டையை வைத்துப் பார்ப்போம். கரு பிடித்த முட்டைக்குள் சிவப்பு நூலில் பின்னிய சிலந்திபோல ஒன்று தெரியும், நடுவில் துடிக்கிற புள்ளி. இன்று ஒன்றுமில்லை. அடுத்ததிலும் இல்லை. அடுத்ததிலும். வெறும் வெளிச்சம், உள்ளே யாரும் குடியிராத வீடு போல. பதினைந்தாவது முட்டைக்குப் பிறகு வசந்தமலர் அக்கா எண்ணுவதை நிறுத்திவிட்டார். இருட்டில் அவருடைய மூச்சு மட்டும் கேட்டது.

திரும்பி வந்து எனக்குக் கிடைத்த கட்டுரைகளையெல்லாம் மறுபடி வாசித்தேன். பேட்டின் உடம்பில் மிக நுண்ணிய குழல்கள் இருக்கின்றன. கிடைத்த விந்தை அங்கே ஒளித்து வைத்து இரண்டு மூன்று கிழமை வரை கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கும். முன்பு வாசித்தபோது எவ்வளவு அழகான ஏற்பாடு என்று நினைத்தேன். இன்று பயமாக இருந்தது. அப்படியானால் பிழை இன்று நடந்ததல்ல. ஓகஸ்ட் நடுவிலேயே ஏதோ நடந்துவிட்டது. பேடுகள் பழைய இருப்பை வைத்துச் சமாளித்திருக்கின்றன, எங்களுக்குத் தெரியாமல். இப்போது அதுவும் முடிகிறது.

எது மாறியது? சேவல்களின் தீன் - இல்லை. கரைசல் - அதே. இன்குபேட்டர் - சரியாக இருக்கிறது. பெட்டி? பெட்டி முந்தியதைவிட நன்றாக இருக்கிறது. ஐஸ் கரைவதேயில்லை.

குஞ்சுக்கென்று பெயர் கொடுத்து அறுபத்திரண்டு குடும்பம் காத்திருக்கிறது.


செப்ரெம்பர் 14, ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது காற்றாலைகளின் இரைச்சல் வழமையைவிடக் கிட்டக் கேட்டது. காற்றுத் திசை மாறுகிறதாக்கும்.


செப்ரெம்பர் 18, வியாழன்

ஆறு.

வெளியே கொட்டில் வாசலில் தீன் மூட்டை இறக்க வந்த இரண்டு பெண்கள். ஒருத்தி: "முட்டை முழுக்கக் கூழாம்." மற்றவள்: "அவ தொட்டதுதானே எல்லாம். கைராசி போயிட்டுது." வசந்தமலர் அக்கா எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். முட்டைத் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே இருந்தார், துடைத்ததையே மறுபடியும்.


செப்ரெம்பர் 19, வெள்ளி

சங்கத்தின் இணைப்பாளர் தனஞ்சயன் வந்தார். கெட்டவர் அல்ல, அவசரக்காரர். முதலில் தாழ்வுபாட்டுக் கொட்டிலுக்கு வந்தார். அப்போதுதான் எடுத்த விந்தில் ஒரு துளியை நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டினேன். கண்ணை வைத்ததும், "அடேயப்பா, கஞ்சி கொதிக்கிற மாதிரி" என்றார். பிறகு இலுப்பைக்கடவைக்குப் போனோம்.

"சேவலிலை பிழையில்லை. கிருஷிகா கொண்டாற நேரத்திலை பிழையில்லை. குளிர் எத்தினை?"

பதிவேட்டை நீட்டினேன். 5, 5, 5, 5. பக்கம் முழுவதும் என் கையெழுத்தில் ஐந்து.

"குளிரும் சரி. அப்ப நடுவிலை மிஞ்சிறது கைதானே?"

வசந்தமலர் அக்கா: "சேர், நான் ரெண்டு வருசமாய் ஒரே மாதிரித்தான் போடுறன்."

"ரெண்டு வருசம் செய்தால் கைக்கு ஒரு அலட்சியம் வரும் அக்கா. அதைத்தான் சொல்லுறன். கோவிக்காதைங்கோ."

இருபத்துநான்காம் திகதிப் புதனோடு வசந்தமலர் அக்காவுக்கு வேலை முடிகிறது. பிறகு மன்னாரில் பயிற்சி எடுத்த டினோஜா வருவாள். அறுபத்திரண்டு குடும்பத்துக்குப் பதில் சொல்லவேண்டும் என்கிறார் தனஞ்சயன், அதுவும் உண்மைதான்.

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். என்னவென்று? எனக்கும் வேறு காரணம் தெரியவில்லையே. அக்காவின் கைதானோ என்று நானும் - எழுதவே கூசுகிறது - ஒரு கணம் நினைத்தேன்.


செப்ரெம்பர் 24, புதன்

இன்று நடந்தது. ஒழுங்காக எழுதவேண்டும்.

இன்று தண்ணீர்த் தாங்கியில் தண்ணீர் இல்லை. குளிக்காமல் பின்பக்கத்தால் வந்தேன். அப்பா பெட்டிக்கு முன்னால் மர வாங்கு போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் கருவாட்டுக்கு வைத்திருக்கும் உப்புச் சாக்கு. இரண்டு கையாலும் அள்ளி, ஐஸ்மேல் தூவி, பிரட்டி, மறுபடி தூவினார். குழாய்கள் பக்கத்தில். மூடிகளுக்கு மேலால் இறுக்கமாக ரேப் சுற்றியிருந்தது.

"என்னப்பா இது?"

"உப்புப் போட்டாத்தானே ஐஸ் நிண்டு பிடிக்கும். ஆழ்கடலுக்குப் போகேக்கை நாங்கள் இப்பிடித்தான்."

"எப்ப துவக்கம்?"

"நீ அண்டைக்குச் சொன்னனீயே, கரையுது எண்டு. அண்டைக்குத் துவக்கம். காத்துப் போகாமல் ரேப்பும் சுத்திறனான். எப்பிடி, கல்லு மாதிரி நிக்குதோ இல்லையோ?"

முகமெல்லாம் பெருமை.

உப்புச் சேர்ந்த ஐஸ் பூச்சியத்துக்குக் கீழே போகும், மைனஸ் பத்துப் பாகைக்கும் கீழே. பாடசாலையில் படித்தது. ஓகஸ்ட் பதின்மூன்றிலிருந்து நான் கொண்டுபோனது உறைந்து செத்த விந்து. அதைத்தான் வசந்தமலர் அக்கா கைக்குள் பிடித்து இளக்கிப் போட்டிருக்கிறார். தடிப்பாய்க் கிடக்குது பிள்ளை. சொன்னாரே. குளிருக்கு அப்பிடித்தான் அக்கா - என்ன ஒரு தோரணை எனக்கு.

அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்றைக்கு நானே கட்டுகிறேன் என்று வேறு பெட்டியில் வெறும் ஐஸும் தண்ணீரும் விட்டு, குழாய்களைத் துணியில் சுற்றி, மூடிகளைத் தளர்த்திக் கொண்டுபோனேன். ஒரு குழாயை மட்டும் அப்பாவின் பெட்டியில் விட்டுவந்தேன்.

இலுப்பைக்கடவையில் வசந்தமலர் அக்காவின் கடைசிப் புதன். முதல் பேட்டுக்குப் போட்டுவிட்டு ஊசியைப் பார்த்தார். "இண்டைக்கு நல்லாய் இறங்குது பிள்ளை. முந்தி மாதிரி." நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. நூற்றிருபது பேட்டுக்கும் போட்டார். ஒன்றும் கத்தவில்லை. ஏப்பிரனைக் கழற்றி மடித்து, தீன் பீப்பாவின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

ஆறு மணிக்கு வந்து இரண்டு குழாயிலிருந்தும் ஒவ்வொரு துளி எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தேன். போய்த் திரும்பி வந்த குழாயில் இன்னும் அசைவு. களைத்த அசைவுதான், ஆனாலும் உயிர். அப்பாவின் பெட்டியில் கிடந்ததில் தூசி. பரந்து கிடக்கிற, அசையாத தூசி. ஒன்றாவது அசையட்டும் என்று நெடுநேரம் கண்ணை எடுக்காமல் இருந்தேன்.


செப்ரெம்பர் 25, வியாழன்

இன்று மூன்று.

எங்கள் வீட்டுக்குத் தெரிந்ததெல்லாம் செத்ததைக் கெடாமல் வைப்பது. ஐஸ், உப்பு, காற்றுப் படாத மூடி. நான் பிறந்ததிலிருந்து பார்த்தது அதைத்தான். அதனால்தான் ஒரு கிழமையாவது எனக்குச் சந்தேகம் வரவில்லை. உயிரோடு வைப்பது வேறு வேலை.

அழகாக எழுதிவிட்டேன். இதை எழுதுகிற நேரத்தில் தனஞ்சயனுக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம்.


செப்ரெம்பர் 28, ஞாயிறு

ஏன் சொல்லவில்லை? எனக்கு நானே ஒளிக்க வேண்டாம்.

அப்பா. ஊரெல்லாம் "அமிர்தநாயகம் உப்புப் போட்டுக் கோழியைக் கெடுத்தான்" என்று சிரிக்கும். சரி, அது ஒன்று. ஆனால் அப்பாவை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் ஒளிகிறேன். உப்பைவிடப் பெரிய பிழை அந்த ஐந்துகள். வெப்பமானி வேலை செய்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். பார்க்காமல் எழுதினேன், எட்டுக் கிழமை. அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் வசந்தமலர் அக்காவை அனுப்பினார்கள்.

புதிய பற்றறி யாழ்ப்பாணத்திலிருந்து வந்துவிட்டது.


ஒக்ரோபர் 1, புதன்

டினோஜா வந்தாள். கெட்டிக்காரி, வாயாடி. பேடுகள் அவளை விறாண்டித் தள்ளின. "என்னடி, நான் என்ன உங்களைக் கறி வைக்கவே வந்தனான்?" என்று கத்திக் கத்திப் போட்டாள். பெட்டியில் 5. உண்மையான 5.

கொட்டில் வாசலில் அபிசா, அம்மாவின் குடையை எடுத்துப்போக வந்திருந்தாள். அம்மா வவுனியாவிலுள்ள வெளிநாட்டு வேலை ஏஜென்சிக்குப் போயிருக்கிறாவாம். மெடிக்கலாம். மாதக் கடைசியில் பயணம் இருக்குமாம். "ஓ.எல். முடியத்தானே போறன் எண்டவ மிஸ். இப்ப முதலே போறா."


ஒக்ரோபர் 2, வியாழன்

இரண்டு. இனி ஏறும். அது எனக்கு மட்டும் தெரியும்.


ஒக்ரோபர் 9, வியாழன்

எண்பத்தொன்று.

ரோச் வெளிச்சத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவப்பு நூல்கள். டினோஜா கைதட்டினாள். தனஞ்சயனுக்கு அவளே கோல் எடுத்தாள். இருட்டை மறந்து குதித்தாள்.

இந்த முட்டைகள் செப்ரெம்பர் இருபத்தைந்திலிருந்து ஒக்ரோபர் முதலாம் திகதி வரை இட்டவை. டினோஜா ஊசி தொட்டதே முதலாம் திகதி பின்னேரம்தான். எண்பத்தொன்றும் வசந்தமலர் அக்காவின் கை. இந்தக் கணக்குப் போட ஒரு நிமிடம் போதும். யாரும் போடவில்லை. நான் வாய் திறக்கவில்லை.


ஒக்ரோபர் 10, வெள்ளி

மன்னாரிலுள்ள சங்கக் கந்தோரில் தனஞ்சயன் அறிக்கையை நீட்டினார். "கையாளுநர் மாற்றத்தின் பின் கருக்கட்டல் வீதம் 2 இலிருந்து 81 ஆக உயர்ந்தது." வரைபும் போட்டிருந்தது. கீழே விழுந்த கோடு வசந்தமலர் அக்காவின் பெயரில் முடிந்து, டினோஜாவின் பெயரில் எழும்புகிறது. இவ்வளவு தெளிவான பொய்யை நான் கண்டதில்லை. ஒரு இலக்கம்கூடப் பிழையில்லை.

"தொழினுட்ப அலுவலர் எண்டு நீங்களும் ஒரு கையெழுத்து வையுங்கோ."

வைத்தேன்.


ஒக்ரோபர் 15, புதன்

முதல் மழை. வீதியின் இரண்டு பக்கமும் உழுத வயல். கதிர்காமு என்பவர் வருடாவருடம் முதல் பிடி நெல்லை வசந்தமலர் அக்காவின் கையால்தான் விதைப்பிப்பாராம். இந்தமுறை வேறு யாரோ பிள்ளையைக் கூப்பிட்டாராம். டினோஜா இதைப் பகிடியாகத்தான் சொன்னாள். "கோழியிலை துவங்கி நெல்லு வரைக்கும் போயிட்டுது பாருங்கோ அக்கா, அவவின்ரை புகழ்!"

"வாயை மூடு" என்றேன். அவள் பயந்துபோனாள். நானும்.


ஒக்ரோபர் 17, வெள்ளி

கடையில் அபிசா. கோழித் தீன் வாங்க வந்திருந்தாள். வீட்டில் ஆறு கோழி நிற்கிறது. "அம்மா இப்ப தீன்கூடப் போடமாட்டா மிஸ். நான்தான். நான் தொட்டா அதுகளும் பாழாப்போகும் எண்டுறா."

நான் நினைத்திருந்தது, அவர் எங்களைத் திட்டிக்கொண்டிருப்பார் என்று. திட்டினால் நல்லது. அவர் நம்பிவிட்டார்.

இதற்கு மேலும் இருக்க முடியாது.


ஒக்ரோபர் 18, சனி

பின்னேரம் அப்பாவுக்குச் சொன்னேன். முழுவதும். உப்பு, ஐந்து, கையெழுத்து.

அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு, "நான் மீனை நினைச்சன் மகள்" என்றார். அவ்வளவுதான் முதலில்.

அம்மா குசினி வாசலில் நின்று கேட்டிருக்கிறார். "ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டிருங்கோ. இப்ப எல்லாம் சரிதானே? குஞ்சு பொரிக்குதுதானே? ஆர் கேட்டது உங்களை?"

"கிறேஸ், அந்த மனுசி?" என்றார் அப்பா.

"எந்த மனுசி? உங்களுக்குத் தெரியுமோ அவவை?"

"தெரியாது. அதுதான் சொல்லுறன். என்னைத் தெரியாத ஒரு மனுசியின்ரை வேலை என்னாலை போயிட்டுது."

அம்மா வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். நாளைக்குப் பூசை முடிய மோட்டார் சைக்கிளை எடு என்றார் அப்பா. மாதக் கடைசியில்தானே பயணம். நேரம் இருக்கிறது.


ஒக்ரோபர் 19, ஞாயிறு

இல்லை.

வீட்டு வாசலில் வசந்தமலர் அக்காவின் தமையன் ஏரம்பு. "தங்கச்சியோ? நேற்றுப் பின்னேரம் கொழும்பு பஸ்ஸிலை ஏத்திவிட்டனான். இண்டைக்கு விடிய பிளேன். ரிக்கற் முன்னுக்கு வந்திட்டுது."

நேற்றுப் பின்னேரம். எங்கள் வீட்டில் நான் வாய் திறந்த அதே நேரம்.

இருக்கச் சொன்ன கதிரையில் அப்பா இருக்கவில்லை. முழங்கால் வலியோடு நின்றபடியே சொன்னார். தடுமாறிச் சொன்னார், ஆனால் ஒன்றையும் விடவில்லை. நான் ஐந்துகளைச் சொன்னேன். அபிசா கதவுக்குப் பின்னால் நின்றாள்.

ஏரம்பு கேட்டுவிட்டு முற்றத்தில் துப்பினார். "உப்பும் உங்கடை, ஐசும் உங்கடை. கை மட்டும் எங்கடை. என்ன?"

அப்பா, "ஓம்" என்றார்.

"எப்ப தெரியும்?"

இதற்கு நான் பதில் சொல்லவேண்டியிருந்தது. "செப்ரெம்பர் இருபத்துநாலு."

தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அப்பா என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னாலுள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார்.


ஒக்ரோபர் 20, திங்கள்

எல்லாவற்றையும் எழுதிக் கடிதம் கொடுத்தேன். தனஞ்சயன் இரண்டுமுறை வாசித்தார்.

"அறிக்கை மேலை போயிட்டுது கிருஷிகா."

"திருப்பி எடுங்கோ."

"திருப்பி எடுத்தா உங்கடை வேலை?"

"எடுங்கோ."

நெற்றியைத் தேய்த்தார். "நானும் அந்தத் திகதிகளைப் பாத்திருக்கவேணும்" என்றார். அவரிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை. திருத்தம் அனுப்புவதாகச் சொன்னார். எனக்கு எழுத்தில் எச்சரிக்கை. விந்து எடுக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை என்பதால் வேலை இருக்கிறது. வசந்தமலர் அக்காவுக்கு இடம் காத்திருக்குமாம். அவருடைய வெளிநாட்டு ஒப்பந்தம் இரண்டு வருடம் என்று சொன்னேன்.


நவம்பர் 2, ஞாயிறு

அபிசா கோல் எடுத்தாள். அம்மாவிடம் எல்லாம் சொல்லிவிட்டாளாம். அம்மா அழவில்லையாம், ஏசவில்லையாம். ஒன்றுதான் கேட்டாவாம்: "ஊரிலை சொன்னவையோ?"

சொல்லவில்லை. கந்தோருக்குச் சொன்னேன், கடிதத்தில், நல்ல தமிழில். ஊருக்குச் சொல்லவில்லை.


நவம்பர் 12, புதன்

இலுப்பைக்கடவை மாதர் சங்கக் கூட்டம். நாற்பது பேர் வரை. அப்பாவும் வந்தார். வேண்டாம் என்றேன்; "உப்பு நான் போட்டது" என்றார்.

இரண்டு குழாய் கொண்டுபோனேன், நுணுக்குக்காட்டியையும். உப்பில் வைத்தது ஒன்று, ஐந்தில் வைத்தது ஒன்று. வரிசையாக வந்து பாருங்கோ என்றேன். பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள், "ஐயோ, நெளியுதடி" என்று. உப்பில் வைத்ததைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது. இதைத்தான் ஆறு கிழமை வசந்தமலர் அக்காவின் கையில் கொடுத்தேன், அவர் சந்தேகப்பட்டுச் சொன்னபோது நான் கேட்கவில்லை, தெரிந்த பிறகும் இருபத்தாறு நாள் பேசாமல் இருந்தேன் என்று சொன்னேன். இருபத்தாறு என்ற எண்ணை எண்ணிப் பார்த்துத்தான் போயிருந்தேன். அது வாயில் வர நேரமெடுத்தது.

பின்வரிசையில் ஒருவர்: "அப்ப அவவின்ரை கையிலை ஒண்டுமில்லையோ?"

"இல்லை."

"பிறகேன் அவவே எங்கடை வீட்டுக் கலியாணத்துக்கு வரமாட்டன் எண்டவ?"

கேட்டவரே தலையைக் குனிந்துகொண்டார். அபிசா யன்னலோரம் நின்று, எல்லாவற்றையும் போனில் பதிந்துகொண்டிருந்தாள்.


நவம்பர் 16, ஞாயிறு

அபிசா ஒரு குரல் செய்தியை அனுப்பியிருந்தாள். அவளுக்கு அம்மா அனுப்பியது. எனக்கும் கேட்கட்டும் என்று நினைத்தாளோ, தெரியவில்லை.

"அபிசா, நீ அனுப்பினதைப் பாத்தனான். சரி. விடியப் படி, மழைக்கை நனையாதை. மாமாவிட்டைக் காசு கேக்காதை, நான் அனுப்புவன். இஞ்சை எனக்குச் சமையல் இல்லை. கைக்குழந்தை ஒண்டு இருக்குது, அதைப் பாக்கிற வேலை. ஆரிட்டையும் நிக்குதில்லையாம், கத்திக்கொண்டே இருக்குமாம். நான் தூக்கினா நித்திரையாப் போகுது. இப்பவும் என்ரை கையிலைதான் கிடக்குது. அதுதான் மெல்லக் கதைக்கிறன். வைக்கிறன்."

போனைக் காதோடு வைத்து இன்னொரு முறை கேட்டேன். குழந்தையின் மூச்சு கேட்கிறது, சீராக.

என்னைப்பற்றி ஒன்றும் இல்லை.